ராஜ்தூத் 350 கார்ப் கேஸ்: லெஃப்ட் ஐடிலிங்ல செத்துடுச்சு, ரைட் ஒழுகுது

வண்டி 1984 ராஜ்தூத் 350, எச்டி (ஹை டார்க்) மாடல். யமஹா 1973ல ஜப்பான்ல விட்ட ஆர்டி350தான் இது, எஸ்கார்ட்ஸ் 1983ல இருந்து இங்க ராஜ்தூத் பேர்ல போட்டாங்க. 347 சிசி, டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர். முதல்ல வந்த எச்டி 30.5 ஹார்ஸ்பவர், அப்புறம் பெட்ரோல் ரொம்ப குடிக்குதுனு எல்லாரும் சொன்னதால கொஞ்சம் அடக்கி வச்ச எல்டி (லோ டார்க்) வந்துச்சு, அது 27 ஹார்ஸ்பவர் பக்கம். நம்ம ஆளுங்க ரெண்டையுமே ஆர்டினுதான் கூப்பிடுவாங்க, நானும் அப்டியே எழுதுறேன்.

இந்த கேஸுக்கு வேண்டிய விஷயம் ஒண்ணுதான். ரெண்டு சிலிண்டருக்கும் தனித்தனி கார்ப் (கார்புரேட்டர், பெட்ரோலையும் காத்தையும் கலந்து குடுக்கிறது), தனித்தனி பாயின்ட் (ஸ்பார்க் எப்ப வரணும்னு முடிவு பண்ற ஸ்விட்ச்), தனித்தனி காயில், தனித்தனி சைலன்சர். பொதுவா இருக்கிறது கிராங்க்கும் ஆக்சிலேட்டர் கேபிளும்தான், அந்த கேபிளும் உள்ள மூணாப் பிரிஞ்சு ரெண்டு கார்புக்கு ரெண்டு, ஆயில் பம்புக்கு ஒண்ணுனு போயிடும். அதாவது ரெண்டு 175 சிசி வண்டிய பக்கத்துல பக்கத்துல கட்டி ஒரே ஹேண்டில்பார்ல ஓட்டுற மாதிரி. இத மனசுல வாங்கிக்கிட்டா பாதி வேலை முடிஞ்சிடும், ஏன்னா ஒரு பக்கம் சரியில்லனா நல்லா ஓடுற இன்னொரு பக்கத்த வச்சே கண்டுபிடிக்கலாம், மேனுவல் கூட அப்புறம்தான் தேவைப்படும்.

வண்டி கோயம்புத்தூர்ல நண்பரோட அப்பாவோடது. சில வருஷம் கார் ஷெட்ல பெட்ரோலோடயே நின்னுடுச்சு. அப்புறம் ஆசைப்பட்டு வெளிய எடுத்து ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டு கார்ப் கிளீனிங், பாயின்ட் செட்டிங் எல்லாம் பண்ணி வாங்கியிருக்காரு. வந்த நாள்ல இருந்தே பிரச்சனை. சோக் போட்டா ஸ்டார்ட் ஆகுது, சோக்க எடுத்தா லெஃப்ட் சைலன்சர்ல சத்தமே இல்ல, ரைட் மட்டும் டுக்கு டுக்குனு ஒத்தையா ஓடுது. கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுத்தா திடீர்னு லெஃப்ட் முழிச்சுக்கிட்டு வண்டி பாயுது. நிறுத்தி வச்சா ரைட் கார்ப் அடியில ஓவர்ஃப்ளோ டியூப்ல பெட்ரோல் சொட்டுது. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு பிளக்க கழட்டிப் பாத்தா ரைட் கருப்பா ஈரமா இருக்கு, லெஃப்ட் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா இருக்கு. கருப்பு ஈரம்னா பெட்ரோல் ஜாஸ்தி, வெள்ளைனா பெட்ரோல் கம்மி.

"ஏனுங்க தம்பி, கார்ப் கிளீன் பண்ணித்தானுங்க குடுத்தாங்க, மறுபடியும் அதேயே கழட்டோணுமா?"னு கேட்டாரு. கழட்டணும்தான், ஆனா உடனே இல்லைங்க ஐயானு சொன்னேன்.

ஏன்னா கார்ப வண்டியில இருந்து கழட்டிட்டா அது என்ன தப்பு பண்ணுச்சுனு சொல்ற ஒரே சாட்சியும் போயிடும். முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கும்போது ப்ராப்ளம் வருது? இத யாரும் கேக்கறதில்ல. மிக்குனி விஎம் டைப் கார்ப்ல (ஆர்டில இருக்கிறதும் அதுதான், பிற்கால புல்லட்ல வர்ற மிக்கார்பும் இதே குடும்பம்தான்) ஆக்சிலேட்டரோட ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு பார்ட் பொறுப்பு. மூடியிருக்கும்போதும் முதல் எட்டுல ஒரு பங்கு வரைக்கும் பைலட் ஜெட்டும் (ஜெட்னா பெட்ரோல அளந்து விடுற, ஓட்டை போட்ட சின்ன பித்தளைத் துண்டு) ஏர் ஸ்க்ரூவும். அதுக்கு மேல பாதி வரைக்கும் ஸ்லைடோட (ஆக்சிலேட்டர் முறுக்கினா மேல எழும்புற உருளை) அடியில சாய்வா வெட்டியிருக்காங்களே அந்த கட்அவே. கால்ல இருந்து முக்கால் வரைக்கும் நீடிலும் (ஸ்லைடுல தொங்குற ஊசி) நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல மெயின் ஜெட். ஒண்ணு முடிஞ்ச இடத்துல இன்னொண்ணு ஸ்விட்ச் போட்ட மாதிரி ஆரம்பிக்காது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இறங்கும், ஆனாலும் கணக்கு இதுதான்.

அதனால ஆக்சிலேட்டர் கிரிப்ல ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, மூடினது, கால், அரை, முக்கால், முழுசுனு பேனால கோடு போட்டு ஓட்டிப் பாத்தோம். லெஃப்ட் முதல் கோடு வரைக்கும் செத்துக் கிடக்கு, கால் தாண்டினதும் வருது. அப்ப பைலட் சர்க்யூட்தான், மெயின் ஜெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா வெள்ளை பிளக் இருக்கே, அது அரை ஆக்சிலேட்டர்ல தொடர்ந்து ஓட்டினப்புறம் வந்தது, ஸோ நீடில் ஏரியாலயும் ஏதோ இருக்கு, இல்ல எங்கயோ காத்து இழுக்குது. ரைட்ல ஒழுகல், அது ஃப்ளோட் பக்கம், அதாவது கார்ப்ல பெட்ரோல் மட்டத்த பாத்துக்கிற மிதவை. ஸ்பேனர எடுக்குறதுக்கு முன்னாடியே இவ்வளவு தெரிஞ்சுடுச்சு.

கார்ப் மேல பழி போடுறதுக்கு முன்னாடி கரண்ட் பாக்கணும், பழைய வண்டில கார்ப் ப்ராப்ளம்னு வர்றதுல நிறைய பாயின்ட் ப்ராப்ளம்தான். ரெண்டு பிளக்கையும் இடம் மாத்திப் போட்டோம், காயில மாத்தினோம், பாயின்ட் கேப் ரெண்டையும் ஃபீலர் கேஜ் வச்சுப் பாத்தோம், டைமிங்கும் ரெண்டு பக்கமும் தனித்தனியா பாத்தோம். எதை மாத்தினாலும் லெஃப்ட்தான் செத்துச்சு. கம்ப்ரஷன் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். இப்ப கழட்டலாம்.

கழட்டும்போது ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். ஜப்பான் கார்ப்ல இருக்கிற ஸ்க்ரூ பாக்க நம்ம ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், ஆனா அது ஜேஐஎஸ் (ஜப்பான் ஸ்டாண்டர்ட்) தலை. சாதா ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதுல முழுசா உக்காராது, கொஞ்சம் அழுத்தி திருப்பினதும் மேல ஏறி தலைய வழிச்சிடும். இந்த வண்டியோட பவுல் (கார்ப் அடியில பெட்ரோல் நிக்கிற கிண்ணம்) ஸ்க்ரூ நாலுல ரெண்டு ஏற்கனவே வழிச்சிருந்துச்சு, வைஸ்கிரிப் வச்சுத்தான் எடுத்தோம். ஜேஐஎஸ் பிட் இப்ப ஆன்லைன்ல சாதாரணமா கிடைக்குது, விலையும் பெருசா இல்ல, பழைய ஜப்பான் வண்டி வச்சிருக்கிற எல்லாரும் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க.

லெஃப்ட் பவுல திறந்ததும் அடியில வெல்லப்பாகு காஞ்ச மாதிரி பழுப்பு கலர்ல ஒரு படலம், ஓரத்துல வெள்ளைப் பொடி. ரைட்ல அது கம்மி, ஆனா செங்காவி கலர்ல நைஸா துரு மண்டி. ரெண்டும் வேற வேற சமாச்சாரம். பழுப்புப் படலம் பெட்ரோல்ல லேசான பாகமெல்லாம் ஆவியாகிப் போனப்புறம் மிச்சம் தங்குற கோந்து. வெள்ளைப் பொடி கார்ப் பாடியே அரிச்சது, பாடி ஜிங்க் கலந்த உலோகத்துல வார்த்தது, தண்ணி பட்டா அப்டித்தான் பூக்கும். தண்ணி எங்க இருந்து வந்துச்சுனா எத்தனால்ல இருந்து. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்த இழுத்து வச்சுக்கும், அளவுக்கு மேல தண்ணி சேந்துட்டா ரெண்டும் சேந்து பெட்ரோல்ல இருந்து பிரிஞ்சு அடியில போய் படிஞ்சிடும், பவுலோட அடியிலதான் ஜெட்டும் இருக்கு. 2023ல இருந்து இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) பங்க்ல வர ஆரம்பிச்சு இப்ப எங்கயும் அதுதான். 1984 வண்டியோட ரப்பர், ஓரிங் எதுவும் அத நினைச்சு செஞ்சதில்ல. தினமும் ஓடுற வண்டிக்கு இது அவ்வளவா தெரியாது, நிறுத்தி வைக்கிற வண்டிக்குத்தான் அடி. ரைட்ல வந்த துரு டேங்க்ல இருந்து வந்தது, அத அப்புறம் பாப்போம்.

இப்ப லெஃப்டோட பைலட் சர்க்யூட். இங்கதான் முன்னாடி பண்ணின கிளீனிங் எந்த இடத்துல நின்னுச்சுனு தெரிஞ்சுது. பைலட் ஜெட்ட கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா பளிச்சுனு ஊசிமுனை வெளிச்சம் தெரியுது, சுத்தமா இருக்கு. மெயின் ஜெட்டும் சுத்தம். பவுல் ஓரத்த துணியால துடைச்சிருக்காங்க. அதாவது கழட்ட முடிஞ்சத எல்லாம் கிளீன் பண்ணியிருக்காங்க. ஆனா கழட்ட முடியாத வழின்னு ஒண்ணு இருக்கு, பாடிக்குள்ளயே துளை போட்டு விட்டிருக்கிற பாதை, அதுல யாரும் கை வைக்கல.

அது எப்டி வேலை செய்யுதுனு ஒரு தடவை புரிஞ்சுக்கிட்டா அப்புறம் மறக்காது. பவுல்ல இருந்து பெட்ரோல் பைலட் ஜெட் வழியா மேல ஏறும். ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கிற வாய்ல இருந்து கொஞ்சம் காத்து ஏர் ஸ்க்ரூவ தாண்டி உள்ள வரும். ரெண்டும் பாடிக்குள்ள கலந்து நுரை மாதிரி ஆகி, கார்போட பெரிய துளையோட தரையில இருக்கிற ரெண்டு சின்ன ஓட்டை வழியா வெளிய வரும். ஒண்ணு ஸ்லைடுக்கு அந்தப்பக்கம், இன்ஜின் பக்கம், அதுதான் பைலட் அவுட்லெட். இன்னொண்ணு ஸ்லைடோட ஓரத்துக்கு நேர் கீழ, அதுதான் பைபாஸ். ஐடிலிங்ல ஸ்லைடு கிட்டத்தட்ட மூடியிருக்கும், இன்ஜின் இழுக்குற இழுவை அவுட்லெட்ல மட்டும்தான் விழும், பெட்ரோல் அங்க மட்டும் வரும், பைபாஸ் அப்போ உள்ள கொஞ்சம் காத்து விட்டுக்கிட்டு இருக்கும். ஸ்லைடு லேசா தூக்கினதும் இழுவை பைபாஸ் மேலயும் விழும், அப்போ அதுவும் பெட்ரோல் குடுக்க ஆரம்பிக்கும், அதனாலதான் ஐடிலிங்ல இருந்து ஏத்தும்போது திக்காம போகுது. ஓட்டை ரெண்டும் ஊசியை விட மெல்லிசு. கோந்து வந்து அடைக்க முதல்ல தேர்ந்தெடுக்கிற இடமே இதுதான்.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். ஏர் ஸ்க்ரூவ எத்தனை சுத்துல உக்காருதுனு எண்ணி எழுதி வச்சுட்டு, ஸ்க்ரூ, ஸ்பிரிங் எல்லாம் கழட்டிடணும். பைலட் ஜெட் இருந்த துளைய விரலால அடைச்சுக்கிட்டு, ஏர் ஸ்க்ரூ துளையில கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயோட குழாய வச்சு அடிக்கணும். பெரிய துளைக்குள்ள பாத்தா தரையில இருந்து ரெண்டு மெல்லிய பீச்சல் மேல எழும்பணும். கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க, மூஞ்சிலயே அடிக்கும். ரைட் கார்ப்ல ரெண்டு பீச்சலும் அழகா வந்துச்சு. லெஃப்ட்ல அவுட்லெட்ல எதுவுமே வரல, பைபாஸ்ல மட்டும் கசிஞ்ச மாதிரி ஒரு ஈரம். ஐடிலிங் ஏன் செத்துச்சுங்கிறதுக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்.

அடைப்ப எடுக்குறதுல அவசரமே கூடாது. ரப்பர், ஃப்ளோட், ஓரிங் எல்லாத்தையும் கழட்டிட்டு பாடிய மட்டும் கார்ப் கிளீனர்ல ஊற வச்சோம், அப்புறம் அல்ட்ராசோனிக்ல வெந்நீர்ல சோப்பு தண்ணியோட போட்டு எடுத்தோம், அப்புறம் அவுட்லெட் பக்கத்துல இருந்து, அதாவது பெட்ரோல் போற திசைக்கு எதிர்ல, கம்ப்ரஸர் காத்து குடுத்தோம். அதுக்கும் அசையல. மறுபடியும் ஊற வச்சு, கரண்ட் ஒயர்ல இருந்து உருவின ஒத்தை செம்புக் கம்பிய மெல்ல விட்டு விட்டு எடுத்ததும்தான் பழுப்பா ஒரு துணுக்கு வெளிய வந்துச்சு, அடுத்த ஸ்ப்ரேல பீச்சல் நேரா எழும்பிடுச்சு. குண்டூசி, குத்தூசி, கிளட்ச் கேபிள் கம்பி எதையும் உள்ள விடாதீங்க, அதெல்லாம் ஸ்டீல், பித்தளையையும் பாடியையும் சுரண்டி ஓட்டைய பெருசாக்கிடும். ஜெட்ல ஓட்டை பெருசானா அப்புறம் மேல என்ன நம்பர் அடிச்சிருந்தாலும் அது பொய் நம்பர். அதே மாதிரி வினிகர், எலுமிச்சை, புளித்தண்ணி வைத்தியமும் வேண்டாம், பித்தளை பளபளனு ஆகும், கூடவே ஜிங்க் பாடியையும் தின்னுடும்.

ரைட் பக்கம் ஒழுகலுக்கு வருவோம். ஃப்ளோட்ட காதுகிட்ட வச்சு குலுக்கிப் பாத்தோம், உள்ள பெட்ரோல் சத்தம் இல்ல. சந்தேகத்துக்கு வெந்நீர்ல அமுக்கிப் பாத்தோம், குமிழி வரல, ஃப்ளோட் நல்லாத்தான் இருக்கு. ஃப்ளோட் நீடிலோட கூம்பு நுனிய நகத்தால தடவிப் பாத்தா ஒரு வளையம் தட்டுப்படுது, கண்ணுக்கு அவ்வளவா தெரியாது ஆனா நகம் அங்க நிக்கும். அந்த வளையத்துல மூடாம ஒழுகுது. நீடில் போய் உக்காருற சீட்டுக்கு மேல துரு மண்டியும் உக்காந்துடுச்சு. நீடில் புதுசு, சீட்டு காதுகுடையற பஞ்சுக் குச்சில மெட்டல் பாலிஷ் தொட்டு சுத்தி சுத்தித் துடைச்சோம். ரைட் ஒழுகல் சின்ன விஷயம்னு விடக்கூடாது, டேங்க் அடியில இருக்கிற பெட்ரோல் காக்க (திறந்து மூடுற வால்வு) மூடாம நிறுத்தினா அந்த பெட்ரோல் ஓவர்ஃப்ளோ டியூப்ல மட்டும் போகும்னு சொல்ல முடியாது, டூ ஸ்ட்ரோக்ல நேரா கிராங்க் கேஸ்லயும் எறங்கும், மறுநாள் கிக்கர் அடிச்சா கல்லு மாதிரி நிக்கும்.

ஃப்ளோட் உயரம் அளக்கும்போது கார்ப தலைகீழா பிடிச்சு, ஃப்ளோட்டோட நாக்கு நீடில லேசா தொட்டும் தொடாம நிக்கிற நிலையில அளக்கணும், அழுத்தி அளந்தா தப்பு வரும். மேனுவல் என்ன அளவு சொல்லுதோ அது. ஆனா அத விட முக்கியம் ரெண்டு கார்ப்லயும் ஒரே அளவு. பவுல்ல பெட்ரோல் மட்டம் மாறினா ஐடிலிங்ல இருந்து முழு ஆக்சிலேட்டர் வரைக்கும் எல்லா சர்க்யூட்டும் சேந்தே மாறும், அப்புறம் ஏர் ஸ்க்ரூவ திருப்பிக்கிட்டே இருந்தாலும் ரெண்டு சிலிண்டரும் ஒத்துப் போகாது.

சோக்குல ஒரு ஸ்பெஷல் சமாச்சாரம் இருக்கு. பல பேர் சோக்குனா காத்த அடைக்கிற தகடுனு நினைச்சுக்கிறாங்க, விஎம் கார்ப்ல அப்டி தகடே கிடையாது. ஒரு சின்ன பிளஞ்சர் தூக்குனதும் தனியா ஒரு ஜெட்ல இருந்து ரிச்சான (பெட்ரோல் ஜாஸ்தியான) கலவை இன்ஜினுக்கு போகும், அவ்வளவுதான். அதுவும் ஸ்லைடு மூடியிருந்தாத்தான் நல்லா இழுக்கும், அதனாலதான் சோக்கோட ஆக்சிலேட்டர முறுக்கினா ஆர்டி ஸ்டார்ட் ஆகாம அடம்பிடிக்கும். ஆர்டில இந்த சோக் லெஃப்ட் கார்ப்ல மட்டும்தான், அங்க இருந்து ரெண்டு கார்புக்கும் நடுவுல போற ஒரு சின்ன ரப்பர் டியூப் வழியா ரைட்டுக்கும் கலவை போகும். இந்த டியூப் விறைச்சு வெடிச்சா வெளிக்காத்து இன்ஜினுக்குள்ள போக அதுவே வாசல். இந்த வண்டில டியூப் பிளாஸ்டிக் மாதிரி விறைச்சுப் போயிருந்துச்சு, தொட்டதும் விண்டுடுச்சு. எத்தனாலத் தாங்குற பெட்ரோல் டியூப் வாங்கி அளந்து வெட்டிப் போட்டோம்.

நீடில் கிளிப் பாத்தப்பதான் வெள்ளை பிளக்கோட பாதிக் காரணம் கிடைச்சுது. ரைட்ல கிளிப் நடு காடியில, லெஃப்ட்ல மேல் காடியில. கிளிப் மேல போனா நீடில் கீழ எறங்கும், பெட்ரோல் கம்மியா வரும், லீன். லெஃப்ட் கிளிப்பையும் நடு காடிக்கு மாத்தினோம். மெயின் ஜெட் நம்பரும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்ல, லெஃப்ட்ல சின்னது. யார் எப்போ ஏன் மாத்தினாங்கனு யாருக்கும் தெரியாது, நாப்பது வருஷ வண்டில எத்தனை கை பட்டிருக்கும். சென்னை போனப்ப புதுப்பேட்டையில பழைய கார்ப்ல இருந்து எடுத்த ஜெட் டப்பா டப்பாவா பாத்தேன், ஆனா அதுல பாதி ரீமர் போட்டு ஓட்டைய பெருசாக்கினது மாதிரி இருந்துச்சு, அதனால ஜெட் மட்டும் புதுசு ஜோடியா வாங்கிட்டோம். எச்டிக்கும் எல்டிக்கும் செட்டிங் ஒண்ணு இல்ல, உங்க மாடலோட மேனுவல பாத்து வாங்குங்க, யாரோ சொன்ன நம்பர போடாதீங்க.

லீன்ங்கிறத ஏன் இவ்வளவு பயந்து பேசுறேன்னா, டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோல்தான் பிஸ்டன் தலைய குளிர வைக்கிறதுல பெரிய பங்கு. லீன்ல ஓட்டினா வண்டி நல்லா பாயுற மாதிரிதான் இருக்கும், அப்டியே பாஞ்சுக்கிட்டு இருக்கும்போதே ஜாம் ஆகி பின் சக்கரம் பூட்டிக்கும். ஆயில் பம்ப கழட்டிப் போட்டுட்டு டேங்க்லயே ஆயில் கலந்து ஓட்டுறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், அவங்களுக்கு ஜெட் அடைச்சா பெட்ரோல் மட்டும் இல்ல ஆயிலும் சேந்தே குறையுது. இந்த வண்டில பம்ப் இருக்கு, அதனாலயே லெஃப்ட் பிஸ்டன் தப்பிச்சிருக்குனு நான் நம்புறேன். சிலிண்டர கழட்டி பிஸ்டன பாத்தோம், லேசான கோடுதான், நல்லாயிருக்கு.

எல்லாம் மாட்டி ரெண்டு ஸ்லைடையும் ஒண்ணா எழுப்புறது அடுத்த வேலை. ரெண்டு ஐடிலிங் ஸ்க்ரூவையும் முழுசா பின்னாடி எடுத்துட்டு ஸ்லைடு ரெண்டும் கீழ உக்காரட்டும். ஏர் ஃபில்டர் ரப்பர கழட்டிட்டு ரெண்டு கார்ப் வாயிலயும் ஒரே சைஸ் டிரில் பிட்டோட வழவழப்பான காம்ப ஸ்லைடுக்கு அடியில சொருகி வைங்க. ஆக்சிலேட்டர மெல்ல மெல்ல முறுக்கும்போது ரெண்டு பிட்டும் ஒரே நேரத்துல லூசாகி விழணும். ஒண்ணு முன்னாடி விழுந்தா அந்தப் பக்கம் கேபிள் அட்ஜஸ்டர்ல கொஞ்சம் லூசு குடுங்க. காது, கண்ணு எதையும் விட இந்த பிட் விழுற சத்தத்த நம்பலாம். அப்புறம் ஆயில் பம்போட மார்க் மேனுவல் சொல்ற இடத்துல நிக்குதானு பாத்தே ஆகணும், கார்ப் கேபிள திருகிட்டு பம்ப மறந்துட்டா மொத்த உழைப்பும் வீண். ஏர் ஸ்க்ரூ ரெண்டும் மெல்ல உக்கார வச்சு ஒன்றரை சுத்து வெளிய, இது ஆரம்பம்தான். இதுல ஏர் ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கு, அது காத்தத்தான் கட்டுப்படுத்துது, வெளிய எடுத்தா லீன், உள்ள விட்டா ரிச். கார் பழக்கத்துல சில பேர் இத தலைகீழா திருப்புறாங்க.

ஸ்டார்ட் பண்ணினோம், லெஃப்ட் ஐடிலிங்ல பிடிச்சுடுச்சு. நண்பரோட அப்பா முகத்துல அந்த நேரம் இருந்த சந்தோஷத்த சொல்லவே முடியாது, ஆனா எனக்கு ஒண்ணு உறுத்துச்சு. ஒரு முறுக்கு முறுக்கி விட்டா ஆர்பிஎம் உடனே எறங்காம மேலயே தொங்கி நின்னு அப்புறம் மெல்ல எறங்குது. ரைட் பிளக் கேப்ப கழட்டி எர்த்ல வச்சுட்டு லெஃப்ட்ட மட்டும் ஓட்டினா அந்த தொங்கல் இன்னும் தெளிவா தெரியுது, லெஃப்ட்ட நிறுத்திட்டு ரைட்ட ஓட்டினா இல்ல. இது ஜெட் சொல்ற கதை இல்ல, கார்ப தாண்டினப்புறம் எங்கயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது. முன்னாடி லெஃப்ட் ஐடிலிங்கே இல்லாததால இது மறைஞ்சு இருந்திருக்கு.

கார்புக்கும் ரீட் வால்வுக்கும் (கலவைய இன்ஜினுக்குள்ள மட்டும் விடுற தகடு வால்வு) நடுவுல இருக்கிற ரப்பர் மேனிஃபோல்டு மேல தண்ணிய ஸ்ப்ரே பண்ணினோம், மேல் பக்கம் அடிச்சப்ப ஒண்ணும் ஆகல, அடிப்பக்கம் அடிச்சதும் ஐடிலிங் மாறுச்சு. கழட்டிப் பாத்தா வெளிய நல்லாத்தான் இருக்கு. கட்டைவிரலால வளைச்சுப் பிடிச்சா அடிப்பக்கத்துல, கிளாம்ப் உக்காருற காடிக்குள்ள, முடி மாதிரி ஒரு வெடிப்பு வாய் திறக்குது, விட்டா மூடிக்குது. வண்டில மாட்டியிருக்கும்போது எந்த வெளிச்சத்துல பாத்தாலும் இது தெரிய வாய்ப்பே இல்ல. வெள்ளை பிளக்கோட மீதிப் பாதிக் காரணம் இதுதான். ஆர்டிவி சிலிகான் பேஸ்ட் எல்லாம் பூசி ஒட்டாதீங்க, பெட்ரோல்ல ஊறி உப்பி பிஞ்சு ரீட் வால்வுக்குள்ள போகும். ரெண்டு பக்க மேனிஃபோல்டையும் புதுசா மாத்துனோம்.

ஆனா லெஃப்ட்ல காத்து போறதுக்கு இன்னொரு வாசலும் இருக்கு, கிராங்க் சீல், அதாவது கிராங்க் முனையில இருக்கிற ரப்பர் வளையம். ஆர்டில லெஃப்ட் பக்கம் ஆல்டர்னேட்டர், அந்த சீல் போனா வெளிக்காத்து நேரா லெஃப்ட் கிராங்க் கேஸ்க்குள்ள போகும், லீன். ரைட் பக்கம் கிளட்ச், அந்த சீல் போனா கியர் ஆயில இழுத்து சைலன்சர்ல வெள்ளைப் புகையா கக்கும், பிளக் ஈரமாகும். இந்த ரெண்டும் கார்ப் ப்ராப்ளம் மாதிரியே நடிக்கும். அதனால ரெண்டு சிலிண்டர்லயும் சைலன்சர் மாட்டுற வாயையும் மேனிஃபோல்டையும் ரப்பர் பிளக் போட்டு அடைச்சு, 6 பிஎஸ்ஐ காத்து ஏத்தி 6 நிமிஷம் நிக்குதானு பாத்தோம். நின்னுடுச்சு. இந்த டெஸ்ட்டுக்கு பிரஷர் கேஜும் ரப்பர் கார்க்கும் சைக்கிள் பம்பும் போதும், பழைய டூ ஸ்ட்ரோக் வச்சிருக்கிறவங்க ஜெட் மாத்துறதுக்கு முன்னாடி இத ஒரு தடவை பண்ணிடுங்க, பண்ணாம போடுற ஜெட் எல்லாம் குத்துமதிப்புதான்.

டேங்க்க விட்டா எல்லாம் பழையபடி ஆகிடும்னு அதையும் முடிச்சோம். உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா பின்பக்கம் அடியில செங்காவி மேடு. துருவ கரைச்சு எடுத்து, நல்லா காய வச்சு, காக்கோட ஜல்லடைய மாத்தி, ரெண்டு கார்புக்கும் போற டியூப்ல சின்ன ஃபில்டர் போட்டோம், டியூப் மடங்காத மாதிரி, இல்லனா ஃபில்டரே பெட்ரோல கட்டுப்படுத்த ஆரம்பிச்சிடும்.

அப்புறம் சூலூர் தாண்டி ஒரு காலி ரோட்டுல பிளக் செக். மூணாவது கியர்ல முழு ஆக்சிலேட்டர்ல கொஞ்ச தூரம் இழுத்து, கிளட்ச்ச பிடிச்சுக்கிட்டே சாவிய ஆஃப் பண்ணி ஓரம் கட்டி பிளக்க பாத்தோம், ஐடிலிங்ல உருட்டிக்கிட்டு வந்து நிறுத்தினா பிளக் ஐடிலிங் கதையத்தான் சொல்லும். ரெண்டும் பழுப்பு, லெஃப்ட் ரைட்ட விட ஒரு நூல் வெளிர். லெஃப்ட் நீடில் கிளிப் நடுக் காடியிலயேதான் இருக்கு, மாத்தல, இவ்வளவு வித்தியாசம் பாயின்ட் டைமிங்லயே வரலாம், அத அடுத்த தடவை டயல் கேஜ் வச்சு பாக்கலாம்னு விட்டுட்டோம். ஐடிலிங் ரெண்டு சைலன்சர்லயும் சமமா வருது, முறுக்கி விட்டா உடனே எறங்குது, ரைட் ஒழுகல.

இன்னும் மிச்சம் இருக்கிறது ரைட் ஸ்லைடு. அது துளைக்குள்ள தேய்ஞ்சு லேசா ஆடுது, ஐடிலிங்ல கடகடனு ஒரு மெல்லிய சத்தம் வருதே அது அதுதான். புது ஸ்லைடு போட்டா பாதி குறையும், துளையும் தேய்ஞ்சிருந்தா கார்ப் பாடியே வேற பாக்கணும். இப்போதைக்கு ஏர் ஸ்க்ரூவ ரைட்ல மட்டும் கால் சுத்து உள்ள வச்சு சமாளிச்சிருக்கோம். ஐயாகிட்ட சொன்னது ஒண்ணுதான், ரெண்டு வாரத்துக்கு மேல வண்டிய எடுக்க மாட்டீங்கன்னா காக்க மூடிட்டு இன்ஜின ஓட விட்டு தானா நிக்கட்டும், அப்புறம் ரெண்டு பவுலயும் டிரெயின் பண்ணிடுங்க. ஓட விட்டு நிறுத்தினா மட்டும் பத்தாது, பவுல் அடியில கொஞ்சம் நிக்கும், காயறது அதுதான்.